பரிசோதனை மொழிபெயர்ப்பாளருக்கு எந்தப் பல்கலைக்கழகம்? பிரான்சும் அமெரிக்காவும்

மூலத்தின் பொருளை விட்டு ஒலியை மட்டும் பின்தொடர்வது, ஓர் எழுத்தையே விலக்கிவைத்து எழுதுவது போன்ற பரிசோதனை மொழிபெயர்ப்பில் ஈடுபாடு கொண்ட பிரெஞ்சு இலக்கிய ஆய்வாளர், பேராசிரியப் பணியைத் தேடும்போது பெரும்பாலும் பிரான்சையும் அமெரிக்காவையுமே எடைபோட்டுப் பார்க்கிறார்.

கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டு எழுதிப் பார்க்கும் எழுத்தாளர்களின் ஊலிப்போ குழு 1960இல் தோன்றிய நாடு என்பதால் பிரான்சே இயல்பான தேர்வாகத் தெரியலாம். ஆனால் அங்கே இலக்கியத் துறைகளில் நுழைய, சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும், அக்ரெகாசியோன் என்னும் தேசியப் போட்டித் தேர்வில் தேறியிருப்பது பெரிதும் எதிர்பார்க்கப்படுகிறது. அதன் மொழிபெயர்ப்புத் தாள்களில் மூலத்திலிருந்து விலகும் ஒவ்வோர் இடத்திற்கும், பிழையின் கடுமைக்கேற்ப மதிப்பெண் குறைக்கப்படும். விலகலையே கலையாகக் கொள்ள வருபவர் முதலில் விலகாமல் இருப்பதில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது வேடிக்கைதான். அதைக் கடந்து, மூன்றாண்டு ஆய்வு ஒப்பந்தத்தில் முனைவர் பட்டம் முடித்து, தேசியக் குழுவின் தகுதிச் சான்றும் பெற்று, ‘மேத்ர் து கொன்ஃபெரான்ஸ்’ என்னும் தொடக்கநிலை விரிவுரையாளர் பதவியில் அமர்ந்துவிட்டால், ஓராண்டுப் பயிற்சிக் காலத்திற்குப் பின் அவர் நிரந்தர அரசு ஊழியர். ஆண்டுக்கு 192 மணி நேரம் கற்பிக்க வேண்டும். அது லேசான சுமை அல்ல.

அமெரிக்காவில் தேசியத் தேர்வு எதுவும் இல்லை. உதவித்தொகையுடன் ஐந்தாறு ஆண்டுகள் ஆய்வு செய்யலாம். அதற்கு ஈடாகத் தொடக்கநிலை பிரெஞ்சு வகுப்புகளை நடத்த வேண்டியிருக்கும். சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு பொதுவாகப் பணியில் சேர்ந்த ஆறாம் ஆண்டில் நடக்கும். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் அப்போது ஓர் ஆய்வு நூலையே கேட்கும். மொழிபெயர்ப்பையும் புலமைப் பணியாக மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதலை நவீன மொழிச் சங்கம் 2011இலேயே வெளியிட்டும், அதை ஏற்பது அந்தந்தத் துறையின் விருப்பமாகவே இருக்கிறது. ஆகவே பரிசோதனைகளை ஒத்திப்போடுவதுதான் அங்கே விவேகம் எனப்படுகிறது. துறையே நீடிக்குமா என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது: மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023இல் தன் வெளிநாட்டு மொழிப் பட்டப்படிப்புகளை நிறுத்த முடிவு செய்தது.

மொழிபெயர்ப்பையும் அதற்கான விளக்கவுரையையும் சேர்த்தே முனைவர் ஆய்வேடாகச் சமர்ப்பிக்க விரும்புபவர், இவ்விரு நாடுகளையும் விட்டு, ஜெர்மன் எழுத்தாளர் ஸெபால்ட் 1989இல் இலக்கிய மொழிபெயர்ப்பு மையத்தை நிறுவிய கிழக்கு ஆங்கிலியா போன்ற பிரித்தானியப் பல்கலைக்கழகங்களைப் பார்ப்பது நல்லது. ஊலிப்போ குழுவைச் சேர்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெரெக்கின் பெருநாவலை 1987இல் ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்த டேவிட் பெல்லோஸும் பிரித்தானியாவில் பணியாற்றியவர்தாம். ஆனால் அவர் அதற்கு முன்பே பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கைப் பற்றிய ஆய்வாளராகப் பெயர் பெற்றிருந்தார்.

என் கணிப்பில் பிரான்சே மேல். வருமானமும் தராத, பதவி உயர்வுக்கும் பெரிதாக உதவாத ஒரு மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கணக்கில் மூழ்கியிருக்க வேண்டுமானால், வேலை இளவயதிலேயே உறுதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இது ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களுக்கே முழுமையாகப் பொருந்தும். பல்கலைக்கழகப் பதவிகளுக்கு எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், அக்ரெகாசியோன் தேர்வு பெரும்பாலான பிறநாட்டவருக்கு மூடப்பட்டது. அவர்கள் அத்தகுதி இல்லாமலேயே அதை உடையவர்களோடு போட்டியிட வேண்டும் என்பதால், அமெரிக்கப் பாதையை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.