காதுக்குள்ளயா, காதுக்குப் பின்னாடியா? ரெண்டு மெஷினும் போட்டவன் சொல்றேன்

காது மெஷின் வாங்கப் போற எல்லாரும் முதல்ல கேக்குறது "வெளிய தெரியாததா இருக்கா"ன்னுதான். நானும் அதையேதான் கேட்டேன், அதனால மூணு வருஷம் காதுக்குள்ள முழுசா போயிடுற குட்டி மெஷின் போட்டேன், இப்போ ரெண்டு வருஷமா காதுக்குப் பின்னாடி மாட்டுறது.

குட்டியில நல்லதும் இருக்கு. போனை அப்படியே காதுல வச்சுப் பேசலாம், மாஸ்க் கழட்டும்போது மெஷினும் கூட வராது. பின்னாடி மாட்டுறதுல மைக் காதுக்கு மேல இருக்கறதால போனைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கணும், பழக பத்து நாளாச்சு எனக்கு.

ஆனா காதழுக்கு இருக்கே, அதுதான் குட்டி மெஷினுக்கு எமன். சத்தம் வர்ற முனையில கடுகை விட சின்னதா ஒரு வடிகட்டி, அது அடைச்சா மெஷின் திடீர்னு செத்துப்போன மாதிரி ஆயிடும், நாம பேட்டரின்னு நெனச்சு புதுசு மாத்திட்டு உக்காந்திருப்போம். பேட்டரியும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின 10 நம்பர், எனக்கு அஞ்சு நாள் தாண்டாது, கை நடுங்குற பெரியவங்களுக்கு அதைப் பிடிச்சு மாட்டுறதே பெரும்பாடு. (எந்த நம்பரா இருந்தாலும் ஸ்டிக்கர் உரிச்சதும் ரெண்டு நிமிஷம் காத்துபட வைங்க, ஜிங்க் ஏர் பேட்டரி காத்து உள்ள போனாத்தான் வேலை செய்யும்.)

நான் மாறினதுக்கு நிஜக் காரணம் கூட்டம். பின்னாடி மாட்டுறதுல ரெண்டு மைக் இருக்கும், எதிர்ல பேசுறவங்க குரலை அது தூக்கிக் குடுக்கும், குட்டியில பெரும்பாலும் ஒண்ணுதான், அதுல நாலு பேர் ஒண்ணா பேசினா வெறும் இரைச்சல். உதட்டைப் பார்த்து சமாளிக்கலாம்னா "படி"யும் "மடி"யும் உதட்டுல ஒரே மாதிரிதானே தெரியும்! இன்னொண்ணு, மெஷின் வெளிய தெரியறதால இப்போ புது ஆளுங்ககூட என் முகத்தைப் பார்த்து நிதானமா பேசுறாங்க, ஒளிச்சு வச்ச மூணு வருஷத்துல எனக்கு இது கிடைக்கவே இல்ல.

காது ரொம்பவே கேக்காதவங்களுக்கு யோசனையே வேணாம், மோல்டு (நம்ம காதை அச்செடுத்து அதுக்குள்ள பொருந்துற மாதிரி செய்றது) போட்டு பின்னாடி மாட்டுறதுதான், அந்தளவு பவர் குட்டியில வராது. அடுத்த ரூம்ல இருந்து கூப்பிட்டா ரெண்டுமே கைவிடும், தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் கிட்ட விழுந்துடும், வீட்டுல இருக்கவங்க பக்கத்துல வந்துதான் பேசணும்.

காதை டெஸ்ட் பண்ணி மெஷின் பொருத்துற ஆடியாலஜிஸ்ட்கிட்ட ட்ரையல் கேளுங்க. அவங்க அமைதியான ரூம்ல எந்த மெஷினும் நல்லாத்தான் கேக்கும், வீட்டுல எல்லாரும் சேர்ந்து சாப்பிட உக்கார்ற நேரத்துல போட்டுப் பாருங்க.