பேஸ்பால் பிட்சரின் ஈ.ஆர்.ஏ.யா, கிரிக்கெட் பந்துவீச்சாளரின் சராசரியா?

ஹற்றன் பக்கம் தோட்டத்து மெட்ச்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும். நல்ல பந்து, விளிம்பில் பட்டு நேரே ஸ்லிப்புக்குப் போகிறது, பிடி நழுவுகிறது. அதே துடுப்பாட்டக்காரர் பிறகு 40 ஓட்டம் அடிக்கிறார். பந்து போட்ட பையன் கொடுத்த ஓட்டமெல்லாம் அவன் கணக்கில்தான். கிரிக்கெட் சராசரி (ஒரு விக்கெட்டுக்கு விட்ட ஓட்டம்) பைஸையும் லெக் பைஸையும் விட்டுவிடும், நழுவிய பிடிக்கு மட்டும் கழிவே இல்லை. கண்டி தந்த முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுக்கு 18,180 ஓட்டம், சராசரி 22.72. அதற்குள் நழுவிய பிடிகளும் அடக்கம்.

பேஸ்பாலில் பந்து வீசுபவர்தான் பிட்சர். அங்கே ஸ்கோரர் அந்த இன்னிங்ஸைக் களத்தடுப்பில் பிழையே நடக்காதது போல மறுபடி போட்டுப் பார்ப்பார். பிழையால் மட்டும் வந்த ஓட்டங்களைக் கழித்து, மிச்சத்தை 9ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் ஈ.ஆர்.ஏ. (Earned Run Average). 1968இல் அமெரிக்க பிட்சர் பொப் கிப்சன் விட்ட ஓட்டங்கள் 49. கழிவு போக 38. ஈ.ஆர்.ஏ. 1.12. கழிக்காவிட்டால் 1.45 ஆகியிருக்கும்.

பார்வைக்கு இது எக்கொனமி ரேட் மாதிரி. ஆனால் ஒரு இன்னிங்ஸ் என்பது மூன்று அவுட். அப்படியென்றால் ஈ.ஆர்.ஏ. 27 அவுட்டுக்கு எத்தனை ஓட்டம் என்ற கணக்கு, நம் சராசரியின் உடன்பிறப்பு. ரன் அவுட் போன்றவையும் பிட்சருக்கே சேரும் என்பதுதான் வித்தியாசம்.

6.2 ஓவர் என்றால் 6 ஓவரும் 2 பந்தும் அல்லவா? அங்கேயும் 6.2 இன்னிங்ஸ் என்றால் 6 இன்னிங்ஸும் 2 அவுட்டும், மொத்தம் 20 அவுட். 3 ஓட்டம் விட்டிருந்தால் 3 × 27 ÷ 20 = 4.05. கல்குலேட்டரில் 6.2 என்றே போட்டால் 4.35 வரும், அது பிழை.

விப் (WHIP) என்று இன்னொன்று உண்டு: ஹிட்டையும் (அடித்துத் தளம் சேர்வது) வோக்கையும் (நான்கு தவறான பந்தால் சும்மா தளம் பெறுவது) கூட்டி இன்னிங்ஸால் வகுப்பது. சுலபம்தான், ஆனால் ஒரே அடியில் முழுச் சுற்றும் ஓடி ஓட்டம் எடுக்கும் ஹோம் ரன்னும் சாதாரண ஹிட்டும் அதில் ஒன்று. எனக்குப் போதாது.

ஈ.ஆர்.ஏ.யிலும் குறை இருக்கிறது. பிட்சரே களத்தடுப்பில் பிழை விட்டாலும் அந்த ஓட்டம் கழிந்துவிடும், அது எனக்கு நியாயமாகப் படவில்லை. எது பிழை என்பதும் ஸ்கோரரின் கண்ணில்தான் இருக்கிறது. பனிமூட்டத்துக்குள் ஏறி மறைந்த பந்தைத் தவறவிட்டவனை நான் எப்படி எழுதுவது? இருந்தாலும், பிடி நழுவிய பிறகு வரும் ஓட்டங்களை இந்தப் பருவத்திலிருந்து ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் தனியாகக் குறித்து வருகிறேன்.