டென்வர் ராக்மவுண்ட் கடை: சட்டைய கண்ண மூடிட்டு வாங்கலாம், கல்லு வாங்கும்போது மட்டும் கண்ண நல்லா தொறந்துக்கோங்க

அமெரிக்காவுல டென்வர் போறவங்க எல்லாம் நேரா மலைக்கு ஓடிடுறாங்க, ஊருக்குள்ள வாஸீ ஸ்ட்ரீட்ல 1626-ம் நம்பர்ல இருக்குற, கௌபாய் சட்டை விக்கிற ராக்மவுண்ட் ராஞ்ச் வேர் கடைய விட்டுடாதீங்க, யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்துல இருந்து நடந்தே போய்டலாம். 1946-ல ஜாக் ஏ. வெய்ல்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, அவரு, மகன், பேரன்னு மூணு தலைமுறையா குடும்பத்து கையிலயே இருக்கு. பெரியவர் 2008-ல 107 வயசுல தான் போனாரு, நூறு தாண்டியும் ஆபீஸ் வந்துட்டு இருந்த மனுஷன். நாமெல்லாம் நாப்பதுலயே ரிடையர்மென்ட் கணக்கு போடுறோம்!

இங்க வாங்க வேண்டியது டிச் பட்டன் சட்டை. வெஸ்டர்ன் சட்டைக்கு, அதான் கௌபாய் சட்டைக்கு, டிச் பட்டன் வச்சு வித்த முதல் ஆள்னு இவர தான் சொல்வாங்க. ஏதோ ஸ்டைலுக்குனு நெனச்சுடாதீங்க, குதிர மேல போறப்ப மாட்டுக் கொம்புலயோ முள்ளுச் செடியிலயோ சட்டை மாட்டுச்சுன்னா சாதா பட்டன் விடாது, ஆளையே இழுத்துடும், இது பட்டுனு தொறந்துக்கும், அவ்ளோதான். அப்புறம் பட்டன் அறுந்து போச்சுனா ராஞ்ச்ல, அதாவது மாட்டுப் பண்ணையில, ஊசி நூல் எடுத்து யாரு உக்காந்து தைக்கிறது? அதே மாதிரி தோள்ல ரெண்டு மடிப்பா வர்ற துணி, இன் பண்ணா வெளிய வராத நீள வால், எல்லாத்துக்கும் ஒரு வேலை இருக்கு. பாக்கெட் மூடி மட்டும் ரம்பப் பல்லு மாதிரி வெட்டி வைரம் ஷேப்ல பட்டன் வச்சிருப்பாங்க, அது சும்மா அழகுக்கு. எல்விஸ், எரிக் கிளாப்டன் மாதிரி பெரிய பாடகர்கள் எல்லாம் போட்ட பிராண்ட் இது.

என் சாய்ஸ் பிளெய்ன் இல்லன்னா கட்டம் போட்டது. பூ எம்பிராய்டரி போட்டத நம்மாளு மாட்டிட்டு வந்தா கல்யாண பேண்டு வாத்தியக்காரர் மாதிரி தான் இருக்கும், சொல்லிட்டேன். ஸ்லிம் கட் இடுப்ப ஒட்டி வரும், தொப்பை இருக்கவங்க போட்டுப் பாத்துட்டு எடுங்க. விலை கம்மியெல்லாம் இல்ல ஆனா வருஷக்கணக்கா போடலாம்.

நகைனு வந்தா போலோ டை பாருங்க, பின்னல் தோல் கயிறு, நுனியில மெட்டல், நடுவுல ஏத்தி இறக்குற ஒரு பதக்கம். அரிசோனாக்காரங்க 1971-ல இத மாநிலத்தோட அதிகாரபூர்வ கழுத்தணியாவே ஆக்கிட்டாங்க. டை கட்டத் தெரியாதவங்களுக்கு வரம்.

டர்க்காய்ஸ்னு சொல்ற நீலப்பச்சைக் கல்லு மேல ஆசை இருந்தா கொஞ்சம் உஷார், இது இந்த கடைய பத்தி இல்ல, பொதுவா சொல்றேன். ஹவ்லைட்னு ஒரு வெள்ளக் கல்லுக்கு நீல சாயம் ஏத்தி டூரிஸ்ட் ஊர்கள்ல வித்துட்டு இருப்பாங்க, பாத்தா அச்சு அசல் அப்படியே இருக்கும், துளை போட்ட இடத்துல உள்ள வெள்ளையா தெரிஞ்சா சந்தேகப்படுங்க. ரெசின்னு ஒரு பிசின் ஏத்தி கெட்டிப்படுத்துனது வேற, அது நிஜக் கல்லு தான், கல்லு மெத்துனு இருக்கும்ங்கிறதால அப்படி பண்றாங்க, ஆனா அத சொல்லி விக்கணும். ஜெர்மன் சில்வர்னா அதுல வெள்ளியே கிடையாது, நிஜ வெள்ளி வேணும்னா 925 முத்திரை (92.5% வெள்ளினு அர்த்தம்) இருக்கானு பாருங்க. நவாஹோ, ஜூனினு அமெரிக்கப் பழங்குடி ஆளுங்க செஞ்சதுனு பொய் சொல்லி விக்கிறது அமெரிக்காவோட 1990 சட்டப்படி குத்தம், அதனால செஞ்சவங்க பேர கூச்சப்படாம கேளுங்க. அந்த மாதிரி வெள்ளி நகை தான் வேணும்னா கீழ நியூ மெக்சிகோல சான்டா ஃபே போய்டுங்க, பேலஸ் ஆஃப் தி கவர்னர்ஸ்ங்கிற பழைய கவர்னர் மாளிகை திண்ணையில செஞ்சவங்களே துணி விரிச்சு உக்காந்து விப்பாங்க.