செஃபாரியா: யூத சமயப் பழமைவாதத்தை மூலத்திலேயே படிக்க ஒரு செயலி

வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால், ஒரு விதியைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது, யார் எதிர்த்தார்கள், கடைசியில் எது நிலைத்தது என்று தோண்டிப் பார்க்காமல் எனக்கு நிம்மதி இருக்காது. யூத சமய நூல்களில் அப்படித் தோண்ட செஃபாரியாவைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. ஜோஷுவா ஃபோர், பிரெட் லாக்ஸ்பைசர் இருவரும் 2011இல் தொடங்கிய லாப நோக்கற்ற நூலகம் இது. கட்டணம் கிடையாது. எபிரேய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒரே திரையில் வரும். ஒரு வரியைத் தொட்டால், நூற்றாண்டுகளாக அந்த வரியைப் பற்றி எழுதப்பட்ட உரைகளும் சட்டங்களும் பக்கத்தில் திறந்துகொள்ளும். இந்தப் பக்கப் பலகைக்காகவே செயலியை வைத்திருக்கலாம்.

யூதப் பழமைவாதம் என்றதும் பலர் தேர்தலைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு, மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் கடைசி நூலான உபாகமத்தின் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடி. அந்த ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் தர மறுக்கவும் கூடாது. ஆனால் மக்கள் மறுத்தார்கள். அங்கிருந்து இணைப்பைப் பிடித்துப் போனால், ரப்பிகள் எனும் யூத சமய அறிஞர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா வரும். கடன்களை வசூலிக்கும் பொறுப்பை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து எழுதிக் கொடுக்கும் 'புரோஸ்புல்' பத்திரத்தைப் பழங்கால அறிஞர் ஹில்லெல் கொண்டுவந்தார் என்கிறது அது. அந்தக் கடனுக்குத் தள்ளுபடி பொருந்தாது. அடுத்த இணைப்பு, மிஷ்னா மீதான விவாதங்களின் தொகுப்பான தால்மூதின் கிட்டின் பகுதி, 36ஆம் தாள். தோரா தள்ளுபடி செய்யச் சொன்னதை ஹில்லெல் எப்படி மாற்றலாம் என்று அங்கே நேரடியாகவே கேட்கிறார்கள். இக்காலத்துத் தள்ளுபடியே ரப்பிகள் விதித்ததுதான், தோரா நேரடியாக விதித்ததல்ல என்று தால்மூத் அறிஞர் அபாயே பதில் சொல்கிறார். அதோடு விவாதம் முடிவதில்லை. இன்னும் கீழே போனால் 16ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பான ஷுல்கான் அரூக் வரும். அதில் 'கோஷென் மிஷ்பாட்' பகுதியின் 67ஆம் பிரிவில் இதே பத்திரத்துக்கு நடைமுறை விதிகள் இருக்கின்றன. சமயப் பற்றுள்ள யூதர்கள் இன்றும் ஏழாம் ஆண்டு வரும்போது இதை எழுதி வைக்கிறார்கள்.

இதில் யாரும் வசனத்தை அழிக்கவில்லை, காலாவதியானது என்று ஒதுக்கவும் இல்லை. ஏழைக்குக் கடன் கொடு என்ற இன்னொரு வசனத்தைக் காப்பாற்றத்தான் மாற்றமே வந்தது. மாற்றியவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பழமைவாதம் என்றால் அசையாமல் நிற்பது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு தாளையாவது படிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் மிஷ்னாவின் எதுயோத் பகுதி, 1:5. பெரும்பான்மைப்படிதான் சட்டம் என்றால் தனி ஒருவரின் கருத்தை ஏன் எழுதி வைக்க வேண்டும்? பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதை ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதற்காக. அதே பத்தியில், ஞானத்திலும் எண்ணிக்கையிலும் முந்தைய நீதிமன்றத்தைவிட மேலானதாக இல்லாமல் அதன் முடிவை ரத்து செய்யக் கூடாது என்றும் சொல்லப்படுகிறது. மாற்றத்துக்குக் கதவு இருக்கிறது, ஆனால் நிரூபிக்கும் சுமை மாற்ற விரும்புபவர் மேல். தோற்ற தரப்பின் வாதத்தை இவ்வளவு மரியாதையோடு பாதுகாக்கும் மரபை நான் நேசிக்கிறேன்.

வழக்கத்துக்கு என்ன எடை என்று பார்க்க, தால்மூதின் பேட்சா பகுதி, 4ஆம் தாளின் பின்பக்கம் (4பி). மாதம் பிறந்த செய்தி தூர ஊர்களுக்குப் போய்ச் சேராத காலத்தில் சந்தேகத்துக்காகப் பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடினார்கள். நாட்காட்டி கணக்கு தெரிந்த பிறகும் ஏன் இரண்டு நாள்? உங்கள் முன்னோரின் வழக்கத்தில் கவனமாக இருங்கள், ஒடுக்குமுறை வந்து கணக்கு குழம்பிப் போகலாம் என்று பதில் வருகிறது. இஸ்ரேலுக்கு வெளியே வாழும், மரபுச் சட்டத்தை விடாமல் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் இன்றும் அப்படியே செய்கிறார்கள்.

இந்த மரபுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. பிரெஸ்பர்க்கின் (இன்றைய பிராட்டிஸ்லாவா) ரப்பி ஹாத்தம் சோஃபர் (1762–1839) புதுமையே கூடாது என்றார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ரப்பி சாம்சன் ரபேல் ஹிர்ஷ் (1808–1888) சட்டத்தில் துளியும் தளராமல் உலகக் கல்வியையும் அரவணைத்தார். 'கன்சர்வேடிவ் யூதம்' என்ற பெயருள்ள இயக்கம் வேறு. சட்டம் வரலாற்றோடு சேர்ந்து வளர்வது என்பது அதன் நிலை. ஆர்த்தடாக்ஸ் தரப்பு அதை ஏற்பதில்லை.

சரி, குறைகள். தமிழ் இல்லை, ஆங்கிலம் தெரிந்தே ஆக வேண்டும். தால்மூதுக்கு ஸ்டெய்ன்சால்ட்ஸ் மொழிபெயர்ப்பு 2017 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தடித்த எழுத்து மூலச் சொற்கள், சாதாரண எழுத்து விளக்கம் என்பதால் இரண்டும் கலந்துவிடாது. மற்ற நூல்களில் தரம் ஏறி இறங்கும், சிலவற்றுக்கு மொழிபெயர்ப்பே இல்லை. பயனர்கள் தொகுக்கும் 'மூலத் தாள்களை' யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் தொகுத்தவர் யார் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். படித்ததை வைத்து நீங்களே சட்ட முடிவு எடுக்கவும் முடியாது, அந்த மரபில் அதற்கு ரப்பியிடம்தான் போவார்கள். வார ஓய்வு நாளான சாபாத் அன்று சமயப் பற்றுள்ள யூதர்கள் கைபேசியைத் தொடுவதில்லை என்பதால் அச்சுப் புத்தகத்தின் இடத்தை இது பிடிக்கப் போவதும் இல்லை.

புதிதாக நுழைபவர்கள் தால்மூதின் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், திணறிவிடுவீர்கள். உபாகமம் 15:1ஐத் தொட்டு, பக்கப் பலகையில் முதலில் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, அப்புறம் மிஷ்னா, அதன் பிறகு தால்மூத் என்ற வரிசையில் போங்கள்.