டெல்லி தேசியக் காவலர் நினைவிடம்: ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ. ஒருவரின் கருத்து

டெல்லிக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், அப்புறம் ஆக்ரா என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுவார்கள். அதில் அரை நாளை ஒதுக்கி, சாணக்கியபுரியில் இருக்கும் தேசியக் காவலர் நினைவிடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஆயுதப்படையில் சேர்ந்து, பிறகு தாலுகா ஸ்டேஷன்களில் வேலை பார்த்து, எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஓய்வு பெற்றவன். இந்த இடத்தை வெளியாள் போலப் பார்க்க எனக்கு வராது. அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சாந்திபத் சாலையின் வடக்கு முனையில், ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகமான இடம். உள்ளே போனதும் எதிரே நிற்பது 30 அடி உயரமுள்ள கறுப்புக் கிரானைட் கல். எடை 238 டன். சிற்பி அத்வைத கடநாயக். அந்தக் கல்லில் முகம் கிடையாது, தொப்பி கிடையாது, துப்பாக்கி கிடையாது. என்னோடு வந்த மருமகன், "ஒரு போலீஸ்காரர் சிலையாக வைத்திருக்கலாமே மாமா" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலை வைத்தால் எந்த மாநில யூனிஃபார்ம் போடுவது? தோளில் எத்தனை நட்சத்திரம் வைப்பது? வெறும் கல்லாக இருப்பதால் கான்ஸ்டபிள் வீட்டுப் பிள்ளையும் அதன் முன்னால் நின்று இது என் அப்பாவுக்கானது என்று நினைத்துக்கொள்ளலாம்.

2018 அக்டோபர் 21 அன்று திறந்தார்கள். அந்தத் தேதிக்குக் காரணம் இருக்கிறது. 1959-ல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், காணாமல்போன சகாக்களைத் தேடிப் போன காவலர்கள் மீது சீனப் படை சுட்டது. 10 பேர் இறந்தார்கள். அந்த எல்லையை அன்றைக்குக் காத்து நின்றது போலீஸ்தான் என்பது இப்போது பலருக்குத் தெரியாது. அந்த நாளைத்தான் ஒவ்வொரு வருடமும் காவலர் வீரவணக்க நாளாக நடத்துகிறோம். அன்றைக்கு ஆயுதப்படை மைதானத்தில் அந்த வருடம் பணியில் இறந்தவர்களின் பெயர்களை மாநிலவாரியாக வாசிப்பார்கள். வெயிலில் விறைப்பாக நின்றபடி கேட்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்க முடியவே முடியாது. காதால் கேட்ட அந்தப் பெயர்களின் வரிசையைக் கல்லில் வெட்டிப் பார்ப்பதற்குச் சுதந்திரம் வாங்கி 71 வருடம் ஆகியிருக்கிறது. ரொம்பத் தாமதம் என்றுதான் சொல்வேன்.

இந்த வளாகத்தின் உயிர் அந்தப் பெயர்ச் சுவரில்தான் இருக்கிறது. திறந்தபோது 1947-க்குப் பிறகு பணியில் இறந்த 34,844 பேரின் பெயர்கள். யாராலும் நின்று முழுவதும் படிக்க முடியாது. சரி, எப்படித்தான் பார்ப்பது? இரண்டு மூன்று சம்பவங்களையாவது தெரிந்துகொண்டு போங்கள். நான் மருமகனுக்கு அங்கேயே நின்று சொன்னேன். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்ற காவலர்களும் உண்டு, எஸ்.பி. முகமது இக்பாலும் உண்டு. 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் வைத்த பாலாற்றுக் கண்ணிவெடியில் காவலர்களும் வனத்துறையினரும் அவர்களோடு போனவர்களுமாக 22 பேர். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சன். அவரும் என் ரேங்க்தான்.

பந்தோபஸ்து, செக்போஸ்ட், வாசல் காவல். இவர்கள் செய்துகொண்டிருந்தது தினமும் எல்லாக் காவலரும் செய்கிற வேலைதான். 2001-ல் நாடாளுமன்றத் தாக்குதலின்போது மத்திய ரிசர்வ் போலீஸ் காவலர் கமலேஷ் குமாரி கையில் ஆயுதமே இல்லை. வந்தவர்களை அடையாளம் கண்டு சத்தம் போட்டு எச்சரித்தார், சுட்டுக் கொன்றார்கள். 2008 மும்பைத் தாக்குதலின்போது கிர்காவ் சௌபாட்டி கடற்கரையில் லத்தியோடு நின்ற மும்பைக் காவலர் துக்காராம் ஓம்ப்ளே, பயங்கரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்தார். கசாப் உயிரோடு சிக்கியது அதனால்தான். இருவருக்கும் அசோக சக்கரம் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பதக்கம் கிடைக்க யாராவது பார்த்திருக்க வேண்டும், பரிந்துரை எழுத வேண்டும், கோப்பு மேலே போக வேண்டும். ராத்திரி ரோந்தில் தனியாக இறந்த ஏட்டுக்கு யார் எழுதுவார்கள்? இந்தச் சுவர் சாட்சி கேட்பதில்லை. பணியில் இறந்தாரா, பெயர் உண்டு. அதற்காகவே இதைக் கட்டியவர்களுக்கு ஒரு சல்யூட்.

அருங்காட்சியகம் தரைக்குக் கீழே. கௌடில்யர் காலத்துக் காவல் முறையில் தொடங்கி இன்றைய மத்தியப் படைகள் வரை காட்டுகிறார்கள். பெண் காவலர், பேண்டு, மோப்ப நாய், ஒட்டகப் படை, புறாத் தபால் என்று தனித்தனிப் பகுதிகள் இருப்பதால் குழந்தைகளுக்கு அலுக்காது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரம் குறைவு என்றால் இதைச் சுருக்கிக்கொண்டு சுவருக்குக் கொடுங்கள்.

ஒரு குறை மனதில் நிற்கிறது. இது காவல் துறைக்கான இடம், தீயணைப்பு வீரர்களுக்கு இங்கே இடமில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் தீயணைப்புத் துறை இன்றும் அனுசரிக்கிறது. விபத்து நடந்த இடத்தில் எங்களுக்கு முன்னால் உள்ளே போனவர்கள் அவர்கள். நாங்கள் வெளியே கயிறு கட்டிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருப்போம். அவர்கள் பெயர்களையும் தலைநகரில் இதே அளவுக்குக் கல்லில் வெட்ட வேண்டும். வனக் காவலர்களுக்கும் அப்படியே.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. வளாகம் திறந்தவெளி, தரையெல்லாம் கல் என்பதால் மே, ஜூன் மதியத்தில் வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். சனி, ஞாயிறு போவதுதான் நல்லது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மத்தியக் காவல் படைகள் பேண்டு வாத்தியத்தோடு ரிட்ரீட் என்கிற மாலை அணிவகுப்பு நடத்துகின்றன. மூன்று மணிக்குள் உள்ளே போய்விட்டால் சுவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்து, பேண்டு தொடங்கும்போது முன்வரிசையில் இடம் பிடிக்கலாம்.