87 ஷெவி பிக்கப்பில் 350 எஞ்சின்: எல்லாம் பொருந்துகிறது, தொல்லையே அதுதான்

டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நண்பன் பழைய ஷெவி, அதாவது ஷெவர்லே, பிக்கப் வாங்கப் போகிறானாம். 305 கன அங்குல எஞ்சின் போட்டதா, 350 போட்டதா, எது தேவலை என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. என் 87 மாடல் ஷெவர்லேயில் ஆயில் பேனை இறக்கி, எஞ்சினின் பின்முனையில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரியர் மெயின் சீலை மாற்றி இப்போதுதான் முடித்திருக்கிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என் வண்டியின் வின் நம்பரில், அதாவது அடையாள எண்ணில், எட்டாவது எழுத்து எச். அதாவது தொழிற்சாலையை விட்டு வந்தபோது இதில் இருந்தது 305. பானெட்டைத் திறந்தால் நிற்பதோ 350. எனக்கு முன்பு வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் மாற்றியிருக்கிறார். பிளாக்கின் பின்பக்க விளிம்பில் 3970010 என்று வார்ப்பு எண் இருக்கிறது. அது 1969-லிருந்து 79 வரைக்குமான சரக்கு. ஆக வண்டியைவிட எஞ்சினுக்கு வயது கூட.

இப்படி மாற்ற முடிகிறது என்பதே ஒரு அழகுதான், அதை மறுக்க மாட்டேன். 1955-ல் வந்த ஷெவி ஸ்மால் பிளாக் என்ற வி8 எஞ்சின் வரிசையில், கியர்பாக்ஸ் மாட்டும் பின்முக போல்ட் அமைப்பு பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. 305, 350, பெரிய 454, ஏன் 4.3 வி6 வரைக்கும் அதே கியர்பாக்ஸ் வந்து உட்காரும். 305-க்கும் 350-க்கும் ஸ்ட்ரோக் ஒன்றேதான், 3.48 அங்குலம். சிலிண்டர் விட்டம்தான் வேறு, ஒன்று 3.736, மற்றது 4.00. டைமிங் செயின், ஆயில் பம்ப் எல்லாம் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் அலமாரியிலேயே கிடைக்கும், விலையும் அடிமட்டம். இழுவையைப் பற்றிக் குறையே இல்லை, டிரெய்லர் பின்னால் இருப்பதையே மறந்துவிடலாம்.

ஆனால் எல்லாம் பொருந்தும் என்று சொல்கிறவர்கள் 86, 87-ஐப் பற்றி வாயே திறப்பதில்லை. 86-ல் ரியர் மெயின் சீல் இரண்டு துண்டாக இருந்தது ஒரே வளையமாக மாறியது. அதோடு கிராங்க் தண்டில் ஃபிளைவீல் மாட்டும் போல்ட் வட்டமும் 3.58-லிருந்து 3.00 அங்குலமாகச் சுருங்கியது. 87-ல் வால்வு கவர் போல்ட்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தன, சிலிண்டர் ஹெட்டுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் நடு போல்ட்கள் இறங்கும் கோணமும் மாறியது. அந்தக் கோணம்தான் என் உயிரை வாங்குகிறது. மேனிஃபோல்டு 87-உடையது, ஹெட் பழையது. நமது புண்ணியவான் நடுவில் இருக்கும் நான்கு ஓட்டைகளையும் ராவி நீள்வட்டமாக்கி, எப்படியோ போல்ட்டை இறக்கி முறுக்கிவிட்டார். குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங் ஏறி இறங்கி ஒப்பாரி வைக்கும், கேஸ்கட் மாற்றினால் கொஞ்ச நாள் சும்மா இருக்கும், அப்புறம் மறுபடியும் வேக்யூம் லீக், இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போகும். போதாக்குறைக்கு இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் இன்னும் 305 என்றே நினைத்துக்கொண்டு பெட்ரோலை அளந்து ஊற்றுகின்றன, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பெட்ரோல் போதவில்லை என்பது தெரியும்.

சீல் வாங்கப் போன கதை தனி. கவுன்டரில் இருந்த பையனிடம் வார்ப்பு எண்ணைச் சொன்னேன், இரண்டு துண்டு சீல்தான் வேண்டும் என்றும் சொன்னேன். காதில் வாங்கவில்லை, 1987 என்று தட்டி ஒற்றை வளையத்தை எடுத்து நீட்டினான். கம்ப்யூட்டர் இதைத்தான் காட்டுகிறதாம். கடைசியில், சரி தம்பி, என்னிடம் 78 மாடல் கமேரோ இருக்கிறது, 350 எஞ்சின், அதற்கு ஒரு சீல் கொடு என்றேன். உடனே கிடைத்தது.

அதனால் நண்பனுக்கு நான் சொன்னது: இரண்டும் வேண்டாம், ஃபோர்டு எஃப்-150-ல் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் போட்டது தேடு. 1965-லிருந்து 96 வரை வந்த எஞ்சின், டைமிங்குக்குச் செயின் கிடையாது, கியர்தான், கிராங்குக்கு ஏழு மெயின் பேரிங். குதிரைத்திறன் 150 பக்கம்தான், ஹைவேயில் முந்துவதெல்லாம் மறந்துவிட வேண்டும். ஃபோர்டின் 302, 351 விண்ட்சர் வி8-களும் இதே கியர்பாக்ஸ் முகத்தில் உட்காரும், ஆனால் ஃபிளைவீல் பேலன்ஸ் வேறு, மாற்றிப் போட்டால் வண்டி அதிரும். இருந்தாலும் ஒரு விஷயம்: ஆறைக் கழற்றிவிட்டு வி8 போடுகிறவன் உண்டு, வி8-ஐக் கழற்றிவிட்டு ஆறு போடுகிறவனை நான் பார்த்ததில்லை. உள்ளே ஆறு இருந்தால் பெரும்பாலும் வண்டியோடு வந்த ஆறுதான்.

ஷெவிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், விலை பேசுவதற்கு முன் பானெட்டைத் திறந்து வால்வு கவர் போல்ட்டைப் பார். 87-க்குப் பிந்தைய வண்டியில் போல்ட் ஓரத்தில் இருந்தால் விற்கிறவரை உட்காரவைத்து விசாரி.

இவ்வளவு திட்டுகிறாயே, அப்போ உன் வண்டியை எனக்கே கொடுத்துவிடேன் என்றான். கொடுக்கிறதாக இல்லை, பழைய ஹெட்டுக்குச் சரியாக உட்காரும் மேனிஃபோல்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.