கணவர் வெளிநாட்டில், விவாகரத்துக்குச் சம்மதமும் இல்லை: வழக்கை நடத்திய வக்கீலம்மாவைப் பற்றி

"அவர் கையெழுத்துப் போடாமல் ஒன்றும் நடக்காது" என்று முதலில் பார்த்த வக்கீல் கைவிரித்துவிட்டார். அப்புறம்தான் இந்த வக்கீலம்மாவிடம் போனேன். சம்மதம் வேண்டியது பரஸ்பர விவாகரத்துக்குத்தான், கைவிட்டுப் போனதைக் காரணம் காட்டித் தனியாக மனு போடலாம் என்று பொறுமையாக விளக்கினார். கேட்டது ஒன்றே ஒன்று: "அவருடைய சரியான முகவரி இருக்கா?" பழைய கடித உறையின் பின்பக்கத்தில் இருந்தது.

மனுவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்றேன். கூடவே கூடாது, பின்னால் தீர்ப்பே செல்லாமல் போகலாம் என்றார். நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டில் இருப்பவரிடம் சேர்ப்பிப்பதற்கான 1965 ஹேக் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருந்ததால், மனுவை அந்த நாட்டு மொழியில் பெயர்த்து முறைப்படி அனுப்பினார். சேர்ப்பித்த சான்றிதழில் முத்திரையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கணவர் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை, அவர் இல்லாமலேயே தீர்ப்பு வந்தது. வக்கீலம்மா போனை எடுக்கத்தான் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கட்டாயம் திருப்பி அழைப்பார்.